தோளும் துகிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழா தொடங்கியதும் மேடையில் முதலில் நிகழ்வது பொன்னாடை போர்த்துதல். பேச வந்தவர் இன்னும் வாய் திறக்கவில்லை. கவிஞர் இன்னும் ஏட்டைப் புரட்டவில்லை. அதற்குள் ஒரு துணி அவர்தம் தோளில் விழுந்துவிடுகிறது. அந்தக் கணம் முதல் அவர் அவையில் அமர்ந்திருந்த பலருள் ஒருவர் அல்லர்; பேசும் உரிமை பெற்றவர். தோளில் விழும் ஒரு முழத் துணிக்கே இவ்வளவு பொருள் காணும் நாட்டில், வழிபாடு நடத்தும் கிறித்தவக் குருவின் தோளில் விழும் துணி யார் யாருக்கு என்னென்ன பொருள் தந்தது என்பதே இவ்வுரையின் வினா.

புவனகிரியில் நின்று இவ்வினாவை எழுப்புவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. இது பட்டு நெய்யும் ஊர். பாவும் ஊடும் அறிந்த ஊர். காவி உடுத்த இராகவேந்திரர் பிறந்த ஊர் என்று மத்துவ மரபினர் போற்றுவதும் இதனையே. காவியை மறுத்து வெள்ளை உடுத்த வள்ளலார் 1823இல் பிறந்த மருதூர் இங்கிருந்து நடந்தே சென்று சேரக்கூடிய தொலைவில் இருக்கிறது. வடக்கே கடலூர், கத்தோலிக்கத் திருச்சபையின் புதுச்சேரி – கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பெயரில் பாதியைத் தாங்கி நிற்கிறது. காவி, வெள்ளை, உரோமை அங்கி ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நடமாடியிருக்கின்றன.

கிறித்தவர் அல்லாத அன்பர்கள் பலர் கூடியுள்ள அவை இது. ஆதலின் அவ்வுடை எவ்வெத் துணிகளால் ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுதல் நலம். கத்தோலிக்கக் கோயில்களில் பீடத்தை ஒட்டிச் சிறு அறை ஒன்று இருக்கும். போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல்லால் அதனைச் சக்ரீஸ்து என்பர். பழைய முறைப்படி, திருப்பலிக்கு முன் கோயில்பிள்ளை அங்கே துணிகளை வரிசையாக எடுத்து வைப்பார். கடைசியாக அணிவது அடியிலும், முதலில் அணிவது மேலும் இருக்கும். குருவானவர் முதலில் ஒரு சதுரத் துகிலைத் தலையில் தொட்டுக் கழுத்தைச் சுற்றி அணிவார். அடுத்து, கணுக்கால் வரை தொங்கும் வெண்ணங்கி. அதனை இடையில் இறுக்க ஒரு கயிறு. இடது முன்கையில் ஒரு சிறு கைத்துகில். கழுத்தின் இருபுறமும் தொங்குமாறு நீண்ட தோள்துகில். மக்கள் இன்று ஸ்டோல் என்றே சொல்லிப் பழகிவிட்ட துணி அது. எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில் துளையிட்டுத் தலைவழியே அணியும் பெரிய மேலாடை. ஒவ்வொன்றை அணியும்போதும் ஒவ்வொரு சிறு மன்றாட்டு உண்டு. கழுத்துத் துகில் மீட்பின் தலைக்கவசம்; இடைக்கயிறு புலனடக்கம்; தோள்துகில் மனிதன் இழந்த சாவாமை; மேலாடை ஆண்டவரின் இனிய நுகம். கைத்துகிலுக்கு உரிய மன்றாட்டுத்தான் நெஞ்சைத் தொடுவது. அது கண்ணீரையும் உழைப்பையும் பற்றியது. தொடக்கத்தில் அது வியர்வை துடைக்கும் துணியாகவே இருந்தது. பின்னர்ப் பட்டும் பொன்னிழையும் ஏறி, எதையும் துடைக்க உதவாத அணிகலனாயிற்று. 1967இல் அது கட்டாயம் அன்று என உரோமை அறிவித்தது; விரைவில் வழக்கொழிந்தது. வியர்வையே அறியாத குளிர்நாட்டில் அது எத்தனை நூற்றாண்டு வாழ்ந்தது என்பதும், வியர்வை வழியும் தமிழ்நாட்டுக் கோடையில் அது மறைந்ததை யாரும் கவனிக்கவில்லை என்பதும் சிறு வேடிக்கைகள்.

இத்துணிகள் வானத்திலிருந்து வந்தவை அல்ல. உரோமைப் பேரரசின் குடிமக்கள் அன்றாடம் உடுத்தியவையே. வெண்ணங்கி அவர்தம் நீண்ட சட்டை. மேலாடை மழைக்கும் குளிருக்கும் போர்த்திய போர்வை. உடலைச் சுற்றிச் சிறு வீடுபோல் நின்றதால் இலத்தீனில் ‘சிறு வீடு’ என்று பொருள்படும் பெயர் பெற்றது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் மக்கள் குட்டையான ஆடைக்கு மாறினர், குருக்கள் மாறவில்லை. ஊர் விட்டுவிட்ட உடையைக் கோயில் விடாது பிடித்துக்கொண்டதால் அது திருவுடை ஆயிற்று. இதற்கு முன்பே, 428ஆம் ஆண்டில், திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் தென் பிரான்சின் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்குச் சிலர் தனியுடை அணியத் தொடங்கியிருந்தனர். மக்களிடமிருந்து குருக்களை வேறுபடுத்த வேண்டியது போதனையேயன்றி உடையன்று என்று அவர் கடிந்துரைத்தார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் தலையை மழிப்பதும் சடை வளர்ப்பதும் வேண்டா என்ற வள்ளுவரை இக்கடிதம் நினைவூட்டும். ஆனால் செலஸ்தீனின் சொல் நிற்கவில்லை. தோள்துகிலைப் பொறுத்தவரை அது முன்னரே தோற்றிருந்தது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கீழ்நிலைப் பணியாளர்கள் தோள்துகில் அணியலாகாது என்று விதித்திருந்தது. தோளில் துணி போட யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்ற வழக்கு அவ்வளவு பழமையானது. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். பின்னர்த் தமிழ்நாட்டுக்கு வரும்போது இது வேறொரு முகத்தோடு எதிர்ப்படும்.

தமிழர் உடை பெரிதும் தைக்காத உடை. வேட்டி, துண்டு, புடவை யாவும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்படுவன. சங்க இலக்கியத்தில் தைத்த சட்டை மெய்ப்பை என்ற பெயரில் வரும். முல்லைப்பாட்டில் அதனை அணிந்து நிற்பவர் பாசறைக் காவலரான யவனர். ஆக, தைத்த துணி அயலானின் அடையாளம் என்ற எண்ணம் தமிழிலக்கியத்தில் நெடுநாளையது. பதினாறாம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த கிறித்தவப் பாதிரிமார் இந்த எண்ணத்தின் மீதுதான் முட்டிக்கொண்டனர். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபையினர் 1595 முதல் மதுரையில் இருந்தார். கரிய அங்கி, காலணி, பறங்கிப் பழக்கம். உள்ளூரில் ஒருவரும் அவரிடம் திருமுழுக்குப் பெற வரவில்லை.

1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, தமிழ் உரைநடை வரலாற்றில் தத்துவ போதகர் என்ற பெயரால் இடம்பெற்றவர், இதன் காரணத்தைத் துணியில் கண்டார். கரிய அங்கியைக் கழற்றிக் காவி உடுத்தார். பாதக்குறடு, தண்டு, கமண்டலம், நெற்றியில் சந்தனம், மார்பில் நூல், ஒருவேளை மரக்கறி உணவு என வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். நூலும் கரகமும் முக்கோலும் மணையும் அந்தணர்க்கு உரியன எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்த பட்டியலை நினைவில் வைத்திருப்போர்க்கு, நொபிலியின் தோற்றம் தமிழ் மரபை எவ்வளவு நுணுகிப் படித்ததன் விளைவு என்பது விளங்கும். ஆயினும் கோவாவில் புயல் எழுந்தது. முதற்குற்றச்சாட்டை எழுதி அனுப்பியவர் உடனுறைந்த பெர்னாண்டஸே. கிறித்தவக் குரு புறச்சமயச் சின்னங்களை அணியலாமா? நூல் சமயச் சின்னமன்று, குலநிலையைக் காட்டும் உலகியல் அடையாளமே என நொபிலி இலத்தீனில் நூல்கள் எழுதி வாதிட்டார். 1619இல் கோவாவில் கூடிய அவை அவருக்குச் சாதகமாக அமையவில்லை. வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 சனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, சமயச் சடங்கோடு தொடர்புறுத்தாத வரையில் நூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் ஏற்கத்தக்கன என்று ஆணையிட்டார்.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான், 1620களின் தொடக்கத்தில், புவனகிரியில் பிறந்த வேங்கடநாதர் தஞ்சையில் காவி ஏற்று இராகவேந்திரர் ஆனார். இருவரும் சந்தித்தனர் என்று சொல்லச் சான்றில்லை. சந்திக்க வேண்டிய தேவையும் இல்லை. நாயக்கர் காலத் தமிழ்நாட்டில் ஒருவர் குருவாக மதிக்கப்பட எவ்வெத் தோற்றம் வேண்டியிருந்தது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் காட்டி நிற்கின்றனர்.

இங்கே கருதத்தக்கது ஒன்று. நொபிலி வழக்கில் பேசப்பட்டதெல்லாம் தெருவில் அணியும் உடையும் உடலில் அணியும் அடையாளங்களுமே. பலிபீடத்தில் அணியும் உடையைப் பற்றி அன்று வழக்கே எழவில்லை. அது 1570இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருப்பலி நூலின் காவலில் இருந்தது. தெருவில் காவி, பீடத்தில் உரோமை மேலாடை என்ற இரட்டை வாழ்க்கை அவ்வாறு தொடங்கிற்று. சீனத்தில் மத்தேயோ ரிச்சி செய்ததும் இதற்கு ஒப்பானது. அவர் முதலில் புத்தத் துறவியின் உடையை ஏற்றார். அது சீனச் சான்றோரிடையே மதிப்புப் பெறவில்லை எனக் கண்டு, 1595இல் அறிஞர்க்குரிய பட்டுடைக்கு மாறினார். சரியான சொல்லைத் தேடி அடித்து அடித்து எழுதும் கவிஞனைப் போல, இவர்கள் சரியான துணியைத் தேடினர்.

ஆனால் சரியான துணி யாருக்குச் சரி? நொபிலியின் காவியும் நூலும் ஒரு வாசலைத் திறந்தபோதே மற்றொரு வாசலை அடைத்தன. அந்தணத் துறவியாக வாழ்பவர் ஒடுக்கப்பட்டோர் குடிசைக்குள் நுழைதல் இயலாது. நுழைந்தால் அவ்வுடை பொய்யாகிவிடும். இச்சிக்கலுக்கு விடையாக 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி என்ற மற்றொரு கோலத்தை ஏற்றார். அது சைவப் பண்டாரங்களின் தோற்றத்தை ஒட்டியது. எல்லாச் சாதியாரிடமும் நெருங்கக் கூடியது. 1693 பெப்ருவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தர் இந்தப் பண்டாரசாமி மரபினரே. ஒரே சபை, ஒரே மறை; ஆனால் இருவகைக் குருக்கள், இருவகை உடைகள். சாதியைக் கடக்க வந்த உடை சாதிக்கு ஏற்ப இரண்டாகப் பிரிந்தது என்பதை மென்மையாகச் சொல்லிச் செல்வதற்கில்லை. நொபிலியின் தமிழ்த்தொண்டைப் போற்றுவோர் இதனைச் சொல்லாது விடுவதும், இதனைச் சொல்வோர் அவர்தம் தமிழைப் பாராது விடுவதும் இன்றுவரை தொடர்கின்றன.

பண்டாரசாமி மரபில் வந்தவர்களுள் இவ்வவைக்கு மிக நெருங்கியவர் வீரமாமுனிவர். அவர்தம் தோற்றத்தைப் பற்றி நிலவும் செய்திகள் பெரும்பாலும் 1822இல் வரலாறு எழுதிய முத்துசாமிப் பிள்ளை வழியாக வந்தவை. பல்லக்கு, புலித்தோல் இருக்கை, மயிற்பீலி விசிறி, காதில் முத்து என அவ்வரலாறு ஒரு சிற்றரசர் கோலத்தையே தீட்டுகிறது. இது மிகை என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே. ஆனால் இறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் தமிழர் நினைவு அவருக்கு இத்தனை துணிமணிகளை அணிவித்துப் பார்த்தது என்பதும் ஒரு செய்திதானே. தேம்பாவணி பாடியவருக்குக் கரிய அங்கி போதாது என்று அந்த நினைவு கருதியிருக்க வேண்டும். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். கோலத்தை நம்பாதே என்னும் கூடாவொழுக்கத்தையும் அவர்தம் எழுதுகோலே பெயர்த்தது. எந்த உடை அணிந்துகொண்டு அதனைப் பெயர்த்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

கடலூர் மாவட்டத்தார் வீரமாமுனிவரின் துணி உணர்வைக் கண்ணால் காண விருத்தாசலம் பக்கம் உள்ள கோணான்குப்பம் செல்லலாம். அங்கே மரியன்னைக்கு அவர் இட்ட பெயர் பெரியநாயகி; விருத்தாசலத்து அம்மையின் பெயர். அன்னையின் திருவுருவம் புடவை உடுத்த கோலம். தைத்த அங்கியில் உலகெங்கும் நின்ற அன்னைக்குத் தைக்காத புடவையை உடுத்தியது, தெருவுடையை மாற்றிய நொபிலியின் செயலைவிட ஒருபடி மேலானது. ஏனெனில் இம்முறை துணி கோயிலுக்குள், பீடத்தருகே சென்றுவிட்டது. ஆனால் அந்தப் பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்றிய குருவின் மேலாடை உரோமையினதே.

இதற்கிடையில் காற்று மாறியது. 1703இல் புதுச்சேரி வந்த திருத்தந்தைத் தூதர் தூர்னோன் 1704இல் இத்தகைய இணக்கங்கள் பலவற்றைத் தடுத்து ஆணையிட்டார். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அத்தடையை இறுதியாக உறுதி செய்தார். மலபார் சடங்குகள் எனப் பெயர் பெற்ற இவ்வழக்கின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. குருக்கள் இது குறித்து எடுக்க வேண்டிய உறுதிமொழி 1940இல்தான் நீங்கியது. காவி பின்வாங்கிற்று, அங்கி திரும்பிற்று.

தூர்னோன் ஆணைக்கு இரண்டாண்டு கழித்து, 1706இல், தரங்கம்பாடியில் சீகன்பால்கு கரையிறங்கினார். அவர்தம் ஓவியங்களில் காண்பது கரிய மேலங்கியும் கழுத்தில் வெண்பட்டையும். லுத்தரன் மரபு உரோமையின் பட்டு மேலாடையைப் பெரிதும் உதறி, கல்வியாளர் அணியும் கரிய அங்கியை மேற்கொண்ட மரபு. போதனை செய்பவர் அறிஞர் என்ற கருத்து அதில் அடங்கும். ஒருவகையில் செலஸ்தீனின் கடிதம் அங்கே மறுபடி உயிர்பெற்றது எனலாம். ஆனால் அந்தக் கரிய அங்கியும் சில தலைமுறைகளில் மற்றொரு திருவுடை ஆகிவிட்டது. இம்மரபில் 1733 திசம்பர் 28இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றவர் ஆரோன். இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபைக் குரு அவரே. பிறந்த ஊர் கடலூர். அதுவரை வினா ஒருமுகமாக இருந்தது: அயலார் நம் உடையை உடுத்தலாமா? ஆரோனோடு அது திரும்பி நின்றது: நம்மவர் குருவாகும்போது எதை உடுப்பது? மக்கள் வழக்கு இதற்குத் தன் போக்கில் விடை கண்டது. உடை எதுவாயினும் பெயரை உடுத்திவிட்டனர். கத்தோலிக்கக் குரு சாமியார் ஆனார். சீர்திருத்தச் சபைக் குரு ஐயர் ஆனார். போப்பையர், இரேனியசையர் என்ற பெயர்களைக் கேட்கும் வெளிநாட்டார் திகைப்பர்.

தைத்தது அயல், தைக்காதது நமது என்று இதுவரை சொல்லி வந்ததை இந்த இடத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். தென்திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்ட பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடத்திய தோள்சீலைப் போராட்டம் பலரும் அறிந்தது. கிறித்தவராகிய பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டை அணிய அன்றைய ஆங்கில அலுவலர் மன்றோ இசைந்தார். அதனோடு தோளில் சீலையும் இட்டபோதுதான் ஆதிக்கச் சாதியினர் கொதித்தெழுந்தனர். 1829இல் அரசாணை சீலையைத் தடுத்தது. கலவரங்களுக்குப் பின் 1859 சூலை 26இல் வந்த ஆணையோ, மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்குலப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்று கணக்குப் பார்த்தது. இங்கே அயலாரின் தைத்த துணி மானம் தந்தது. நாட்டின் தைக்காத சீலை தடைக்குள்ளானது. ஆக, ஒரு துணி நமதா அயலா என்பதைத் துணியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எந்தத் தோளில் அது கிடக்கிறது என்று பார்த்தே சொல்ல முடியும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1950இல் குளித்தலை அருகே காவிரிக்கரையில் மொன்சானினும் லெ சோவும் சாந்திவனம் என்னும் ஆசிரமம் கண்டு காவி உடுத்தனர். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும், வெள்ளை அங்கியின் மேல் காவி நிறத் தோள்துகில் அணியும் குருக்கள் உளர். இவை முன்னோடிகள். பீடத்து உடைக்கே மாற்றம் வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே. வழிபாட்டுக்குரிய துணிகளில் பகட்டினும் தூய அழகே நாடப்படுக என 1963இல் அச்சங்கம் கூறிற்று. 1969 ஏப்பிரல் 25இல் இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமை இசைவு தந்தது. முழந்தாளிடுதலுக்குப் பதில் கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கு, ஆரத்தி முதலியவற்றோடு உடையும் அதில் இடம்பெற்றது. பழைய அடுக்குகளுக்குப் பதிலாக ஒரே நீள் மேலாடையும், தோள்துகிலாக அங்கவத்திரமும் போதும் என்பது அந்த விதி. மாதிரிகளை அனுப்பி வைக்குமாறும் உரோமை கேட்டிருந்தது. உரோமைக்கு அங்கவத்திர மாதிரி அனுப்பிய காட்சியைக் கவிஞர் எவரேனும் எழுதலாம்.

இம்மாற்றங்களின் பின்னணியில் உழைத்தவருள் தலையாயவர் அமலோற்பவதாசு அடிகளார். பெங்களூரில் 1967இல் தோன்றிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுவத்தை வளர்த்தவர். அவர் 1932இல் பிறந்த கல்லேரி அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. புவனகிரியும் அன்று அதே மாவட்டத்தது. பின்னர்க் கர்தினாலாக உயர்ந்த லூர்துசாமி அவர்தம் தமையனார். தென்னார்க்காட்டுச் சிற்றூர்க்காரர் ஒருவர் தரையில் அமர்ந்து, அங்கவத்திரம் தோளில் கிடக்க, குத்துவிளக்கின் முன் திருப்பலி நிறைவேற்றினார். நொபிலி தெருவில் தொடங்கியது ஏறத்தாழ 360 ஆண்டுகள் கழித்துப் பீடத்தை எட்டிற்று. அதற்குள் தெரு மாறியிருந்தது. குருக்கள் பலர் தெருவில் கால்சட்டையும் சட்டையும் அணியத் தொடங்கியிருந்தனர். தெருவில் காவி, பீடத்தில் உரோமை என்றிருந்தது, பீடத்தில் காவி, தெருவில் மேனாடு என்று தலைகீழானதை வரலாற்றின் குறும்பு என்றே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பு இருமுனையிலிருந்து வந்தது. பழைய முறையில் பற்றுள்ள கத்தோலிக்கர், இது இந்துக் கோயிலாக்கும் முயற்சி என வருந்தினர். அவர்தம் வருத்தத்தை ஏளனம் செய்வது எளிது. ஆனால் தாய் தந்தையர் அடக்கத்தின்போது கண்ட கரிய மேலாடையும், உயிர்ப்பு ஞாயிறன்று கண்ட வெண்பட்டும் அவர்கள் நினைவில் மறையோடு பின்னிப் பிணைந்தவை. மற்றொரு முனை ஆழமானது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தோர். இந்தியப் பண்பாடு என்ற பெயரில் பீடத்துக்கு வந்த காவியும் அங்கவத்திரமும் யாருடைய பண்பாடு என்று தலித் இறையியலாளர் கேட்டனர். அங்கவத்திரம் நம் வீட்டில் யாருக்கு இருந்தது என்று கேட்டனர்.

இக்கேள்வியின் கூர்மை துண்டின் வரலாறு அறிந்தோர்க்குத்தான் விளங்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர், ஆதிக்கச் சாதியார் எதிர்ப்பட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும் அல்லது அக்குளில் இடுக்க வேண்டும். தோள்துகில் அணிவது யார் என்று லவோதிக்கேயாவில் விதித்தவர்களுக்கு இவ்வழக்கு புதியதாக இராது. இந்தப் பின்னணியில் அங்கவத்திரம் இருவகையாகப் படிக்கப்படும். அது ஆதிக்கத்தின் சின்னம், பீடத்தில் வேண்டா என்பது ஒரு படிப்பு. தாத்தன் இடுப்புக்கு இறக்கிய துண்டைப் பேரன் எல்லார் முன்னிலையிலும் தோளில் ஏற்றிக்கொள்கிறான் என்பது மற்றொரு படிப்பு. இரண்டும் உண்மையே. எது மேலோங்குகிறது என்பது துகிலின் நெசவைப் பொறுத்ததன்று. அதே ஊரின் கல்லறையில் இன்னும் சுவர் இருக்கிறதா, தேர் எல்லாத் தெருவுக்கும் செல்கிறதா என்பதைப் பொறுத்தது.

திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தும்போது தோள்துகிலை இடத்தோளிலிருந்து வலப்புற இடுப்புக்குக் குறுக்காக அணிவிப்பர். உரோமைக்கு அதில் வேறு பொருள் இல்லை. பணி செய்பவரின் வலக்கை தடையின்றி இருக்க வேண்டும் என்பதே காரணம் என்று பொதுவாகச் சொல்வர். தமிழ்க் கண்ணுக்கு அது பூணூல் கிடக்கும் இடம். கோயிலில் அமர்ந்து பார்க்கும் பாட்டி ஒருத்தி அதனை எவ்வாறு படிப்பாள் என்று எந்த வழிபாட்டு நூலும் விதிக்க முடியாது.

நிறங்களிலும் இதே கதைதான். வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா, கருப்பு என்னும் உரோமை வரிசையில் மஞ்சள் இல்லை; தமிழர் மங்கலத்தின் தலைநிறம் அது. மகிழ்ச்சிப் பெருவிழாவுக்கு உரோமை வகுத்த வெள்ளையோ இங்குக் கைம்பெண் நிறமாயிருந்தது. ஆனால் அதே வெள்ளையை வள்ளலார் தலையோடு போர்த்தினார். காவி போர்க்கோலம் என்றும், தயவால் வென்றவர்க்கு வெள்ளை என்றும் அவர்தம் உபதேசக் குறிப்புகளில் விளக்கம் காணப்படுகிறது. ஊரார் துயர நிறம் என ஒதுக்கியதை வெற்றியின் நிறமாக அவர் படித்தது எந்தச் சங்கத்தின் ஒப்புதலையும் வேண்டி நிற்கவில்லை.

நெசவாளர் ஊரில் யோவான் நற்செய்தியின் ஒரு செய்தியைச் சொல்லாது விடுவது குறையாகும். சிலுவையடியில் காவலர் இயேசுவின் ஆடைகளைப் பங்கிடுகின்றனர். அவர்தம் உள்ளங்கியை மட்டும் கிழிக்கவில்லை. அது தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக இருந்தது. எனவே சீட்டுப் போடுகின்றனர். உரையாசிரியர் பலர் இதில் திருச்சபையின் ஒற்றுமையைக் கண்டனர். புவனகிரித் தறிக்காரர் ஒருவரிடம் சொன்னால் அவர் முதலில் கேட்பது, அங்கியாக வடிவெடுக்கும் துணியைத் தையலின்றி எப்படி நெய்தார்கள் என்பதாகவே இருக்கும். அதுவும் நல்ல உரைதான்.

இத்துணிகளுக்கு இன்னும் நிலைத்த தமிழ்ப் பெயர்கள் அமையவில்லை. ஸ்டோல் என்பாரும், தோள்துகில், கழுத்துப்பட்டை, அங்கவத்திரம் என்பாரும் உளர். மலையாளத்தார் போர்ச்சுகீசியச் சொல்லையே ‘ளோஹ’ என்று தமதாக்கிக்கொண்டனர். தமிழில் சொல் நிலைபெறாமைக்குச் சோம்பல் காரணமன்று. ஒவ்வொரு பெயரும் ஒரு சார்பைத் தாங்கி வருகிறது. துகில் என்றால் இலக்கியம். பட்டை என்றால் பணியாளர் சீருடை. அங்கவத்திரம் என்றால் ஒரு சாதியின் வீடு. துண்டு என்று சொல்லத்தான் இதுவரை எவருக்கும் துணிவு வரவில்லை. அச்சொல்லைத் தருவதற்குக் கவிஞர்கள் இருக்கின்றனர்.

கடலூர் வட்டாரச் சிற்றூர் எதிலும் குருப்பட்டம் நிகழும்போது ஊரே கூடும். ஆயர் தலைமேல் கைகளை வைத்து மன்றாடியபின், குறுக்கே கிடந்த துகிலை எடுத்து நேராகத் தொங்குமாறு இட்டு மேலாடையை அணிவிப்பர். பல இடங்களில் அத்துணிகளைப் பெற்றோரே மடித்துத் தட்டில் ஏந்தி வந்து கொடுப்பர். திருப்பலி முடிந்ததும் வெளியே பந்தலில் உறவினரும் ஊராரும் வரிசையில் நின்று புதுக் குருவுக்குத் துண்டும் பொன்னாடையும் போர்த்துவர். ஒன்றன்மேல் ஒன்றாகத் துணி குவிந்து, அடியில் கிடக்கும் துகில் கண்ணுக்குத் தெரியாது மறைந்துவிடும்.